பால் காய்ச்சாத வீடு

ஆறாந்தெரு வளர ஆரம்பிச்ச அன்னைக்குக் காலையில அந்தத் தெருவுல யாரும் வாயைப் பிளக்கல, ஏன்னா அன்னைக்குக் குழாயில தண்ணி வர்ற நாள், தண்ணி வர்ற நாள்ல ஆறாந்தெருக்காரங்களுக்கு வேற எதுவும் கண்ணுல படாது, குடத்தை வரிசையில போட்டு, வரிசைக்காகச் சண்டை போட்டு, சண்டை ஓஞ்சு கடைசிக் குடமும் நிறைஞ்ச பெறகுதான், தெருவோட கடைசி வீட்டுக்கும் கண்மாய்க் கரைச் சீமைக்கருவேலத்துக்கும் நடுவுல நேத்து வரைக்கும் இல்லாத ஒரு ரூம் நிக்கிறதை ஒரு பொம்பள பார்த்து, "இது எப்பக் கட்டுனாக?"ன்னு கேட்டா, பக்கத்துல நின்னவ, "யாரு கண்டா, அப்ரூவல் வாங்கிருக்காகளோ என்னமோ"ன்னு சொல்லிட்டுக் குடத்தை இடுப்புல ஏத்திட்டுப் போயிட்டா.

பிஞ்சு வெள்ளரிக்கா நிறத்துல இருந்துச்சு அந்த ரூம். சுவரு வாழைத்தண்டுப் பட்டை மாதிரி மெல்லிசா, ஈரமா, வெயில் அந்தப் பக்கம் பட்டா இந்தப் பக்கம் பச்சையா விழும். வாசல் கிடையாது, ஜன்னல் கிடையாது, கையை வச்சுத் தள்ளுனா சுவரே வழிவிட்டு, ஆள் உள்ள போனதும் தானா மூடிக்கிடும். உள்ள ஒரு சாமானும் இல்ல, நட்டநடுவுல மட்டும் பலாப்பழத் தண்டிக்கு ஒரு உருண்டை, தொட்டாக் காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி வெதுவெதுன்னு. மறுநாள் அதுக்கு அங்கிட்டு இன்னொண்ணு, அதுக்கு மறுநாள் அதுக்கும் அங்கிட்டு இன்னொண்ணு, எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்ச மாதிரி, நடுவுல ஒரு விரல்கூட நுழைய இடமில்லாம. யாரோ ஒருத்தர் ஆட்டைக் கொண்டுபோய் அதுல அடைச்சாரு, ஆடு ராத்திரியெல்லாம் சுவரைத் தின்னுச்சு, காலையில சுவரு முழுசா இருந்துச்சு, ஆடு கொழுத்துருந்துச்சு. தெரு நலச் சங்கத்துச் செயலாளர் சுந்தரவேலு, ரிட்டயரான ஓவர்சியர், டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்து பார்த்தாரு, அளந்து முடிக்கிறதுக்குள்ள ரூம் கொஞ்சம் நீண்டுருச்சுன்னு டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான் ஆராய்ச்சி. அதுக்குப் பெறகு எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: யாருக்கு எந்த ரூம்?

பால் விசயத்தைக் கண்டுபிடிச்சது சலூன் கருணாகரன் சம்சாரம். வாடகை வீட்டுக்காரன் தொல்லை தாங்க முடியாம ஒரு ரூமைப் பிடிச்சு, புது வீடுன்னா பால் காய்ச்சாமக் குடிபோகக் கூடாதேன்னு மூணு செங்கலை வச்சுப் பாலைப் பொங்க விட்டா, பொங்குன கையோட கருணாகரன் மச்சினனை உக்கார வச்சு முகம் மழிச்சான், மத்தியானத்துக்குள்ள சுவரு தடிச்சு இறுகிக் கல்லா ஆயிருச்சு, ஒரு சுவத்துல இருந்து கண்ணாடி முளைச்சு வந்துச்சு, உள்ள இருந்த காலி இடம் பலூன் மாதிரி ஊதி ஊதிப் பெருசாகி, நடுவுல இருந்த உருண்டையைக் கொண்டுபோய் மூலையில ஒட்டிருச்சு. கருணாகரன் சம்சாரம் அது மேல காலண்டர் மாட்டிட்டா. கொஞ்ச நாள் கழிச்சு அவனுக்கு முடிவெட்டு அலுத்துப்போயி, ரூமை செல்போன் கடையா மாத்திப் பார்த்தான். ஒண்ணும் நடக்கல. சார்ஜர் வாங்க வந்தவன்கூட உள்ள நுழைஞ்சதும் உக்காந்து தாடையைத் தூக்கிக் காமிச்சான்.

அதுல இருந்து தெருவுக்கு விசயம் விளங்கிருச்சு. பால் பொங்குன பெறகு உள்ள முதல்ல என்ன செய்றீகளோ, வீடு அதுவா முத்திரும், முத்துனது முத்துனதுதான். காஜா பாய் டீ ஆத்துனாரு, அது டீக்கடையா முத்துச்சு. ஒரு புருசன் பொண்டாட்டி பால் பொங்குன உடனே யார் வீட்டு ஆளுகளுக்கு முதல் டம்ளர்னு சண்டை பிடிச்சாக, அந்த வீட்டுக்குள்ள யார் போனாலும் இன்னைக்கும் குரல் தானா ஒசருது, இப்ப அதுல ஒரு வக்கீல் ஆபீஸ் போட்டு நல்லா இருக்காரு. ஒரு குடும்பம் பால் காய்ச்சிட்டுத் திருப்பூருக்குப் பொழைக்கப் போயிருச்சு, பூட்டுன வீடு பூட்டுனபடி ஆணி இறங்காத அளவுக்குத் தடிச்சுப் போச்சு, உள்ள மூச்சுவிட ஒரு ஜீவன் இல்ல, ஆனா சுவத்துல காதை வச்சாத் தண்ணி ஏறுற சத்தம் கேக்கும், முன்தெருவுத் தண்ணியெல்லாம் அந்தச் செத்த வீட்டுக்குள்ள புகுந்துதான் நுனிக்குப் போச்சு. முத்துன வீடு எதுலயும் இருந்து புது ரூம் வராது. நுனியில நிக்குற, பால் காணாத அந்த ஒரு பச்சை ரூம்தான் ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சுக்கிட்டே போகும்.

அந்த நுனி ரூம்லதான் ஜோதிமீனா இருந்தா.

ஜோதிமீனா பாட்டனி படிச்சவ. படிச்சுட்டுக் கொரியர் ஆபீஸுக்குப் போனா, விட்டுட்டா, கண்ணாடிக் கடைக்குப் போனா, விட்டுட்டா, ஸ்கேன் சென்டர்ல டோக்கன் குடுத்தா, அதையும் விட்டுட்டா. சோத்தை நடந்துக்கிட்டேதான் திம்பா. உக்காந்தா வலது கால் தையல் மிசின் மிதிக்கிற மாதிரி ஆடும். "காலை ஆட்டாதடி, வீட்டுக்கு ஆகாது"ன்னு அவ அம்மா பாண்டியம்மா சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியத்துக்கும் மாவாட்டுற கிரைண்டர் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு. அந்தப் பச்சை ரூமுக்குள்ள போய் உருண்டை பக்கத்துல உக்காந்த முத நாள்தான் ஜோதிமீனாவோட கால் நின்னுச்சு. அன்னைக்கே பாய், தண்ணி பாட்டில், சார்ஜரைத் தூக்கிட்டு அங்க போயிட்டா. தினம் காலையில புது ரூம் பிரியும், தினம் காலையில அவ பாயைச் சுருட்டிட்டு அங்கிட்டு மாறுவா.

பாண்டியம்மா வீடு மெயின் ரோட்டை ஒட்டின முத வீடு. கல்யாணமாகி வந்தன்னைக்குப் பால் காய்ச்சினது, புருசன் போன பெறகும் அந்த வீட்டை விட்டு ரேஷன் கடைக்கு அங்கிட்டு அவ போனதில்ல. தெரு முழுக்க இட்லிக்கு அவ மாவுதான்.

"அம்மா, நம்ம தெரு ஒரு செடிம்மா," ன்னா ஜோதிமீனா, சட்டியில இருந்த தோசையை நின்னுக்கிட்டே பிச்சுத் தின்னபடி. "செடி எல்லாப் பக்கமும் வளராதும்மா. நுனியிலதான் ஆக்குத்திசு இருக்கும். மெல்லிசு, ஒண்ணுபோல இருக்கும், பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். அது விட்டுட்டுப் போறது பின்னாடி நிலைத்திசு ஆயிரும். ஆளுக்கொரு வேலையைப் பிடிச்சுக்கிட்டு முத்திரும். ஒண்ணு தண்ணி கடத்தும், ஒண்ணு சக்கரை கடத்தும், ஒண்ணு தாங்கிப் பிடிக்கும். பெறகு பிரியாது."

"அப்ப நான் யாரு?"

"நீ நிலைத்திசு."

"என்ன வேலை எனக்கு?"

"மாவாட்டுறது."

பாண்டியம்மா தோசையைத் திருப்பிப் போட்டா. "நீ?"

"நான் இன்னும் ஒண்ணும் ஆகல."

"அதத்தானடி நானும் சொல்லிட்டுத் திரியிறேன்."

தெரு கண்மாய்க் கரையை ஏறி, கரைக்கு அங்கிட்டு இறங்கப் போற நேரத்துலதான் பிரச்சனை ஆரம்பிச்சது. முதல்ல காஜா பாய் கடை டீ கசந்துச்சு. "மூணு கரண்டி போடுறேன் தம்பி, என் தாய் மேல சத்தியமா மூணு கரண்டி"ன்னு அவர் டம்ளரை ஆட்டி ஆட்டிக் காமிச்சாரு, சக்கரை போட்ட உடனே டம்ளரோட ஒரு ஓரமா ஒதுங்கி, ஒதுங்கி, கண்ணு முன்னாடி காணாமப் போச்சு. எல்லா வீட்டு டப்பாவும் அப்பிடித்தான். எறும்புக மட்டும் தெரு நெடுக வரிசை கட்டி நுனியைப் பார்த்துப் போச்சு, நுனி ரூமோட சுவத்தை நக்கிப் பார்த்த பிள்ளைக ஜீராவா இருக்குன்னு சொல்லுச்சுக. அடுத்து தண்ணி. குழாயைத் திறந்தாக் காத்துதான், தண்ணி பூராம் யாருக்கும் நிக்காம அங்கிட்டே ஓடுது. தெருவே ஆளுக்கு ஒரு கை எடுத்து நுனிக்கு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு.

ரொம்ப அடி வாங்கினது முத வீடு. நுனியில இருந்து அதுதான தூரம். பாண்டியம்மா ரெண்டு முட்டியும் வீங்கிப்போயி மெயின் ரோட்டைத் தாண்டிக் குடம் தூக்கினா. ஒருநா மத்தியானம் ஜோதிமீனா வந்து பார்க்கும்போது அவ அம்மா குழாயில காதை வச்சு நின்னுக்கிட்டு இருந்தா.

"என்னம்மா பண்ற?"

"தண்ணி போகுதடி. உன் பக்கந்தான் போகுது. சத்தம் நல்லா இருக்கு."

"கோவமா இருக்கியா?"

"எனக்கு என்ன. நீ நட. நடக்குறவ நடக்கட்டும்." சொல்லிட்டுக் குடத்தை எடுத்து வெளிய போனா. திட்டியிருந்தா ஜோதிமீனா தன் பாட்டுக்குப் போயிருப்பா. திட்டல. அந்தக் குடம் இடுப்புல ஏறும்போது அம்மா வாயை இறுக்குன விதத்தை அவ பார்த்துட்டா.

சங்கம் கூடுச்சு. சுந்தரவேலு எந்திரிச்சுத் தொண்டையைச் செருமிட்டு, "நாம எல்லாரும் பின்னாடி ரூம்லதான் பால் காய்ச்சிருக்கோம். நுனியில இதுவரைக்கும் யாரும் காய்ச்சல. அங்க ஒரு தடவை பொங்கிருச்சுன்னா அதுவும் முத்திரும், தெரு நின்னுரும், நம்ம சக்கரை நம்ம டப்பாவுல கிடக்கும்" ன்னாரு. அப்பிடியே பாண்டியம்மா பக்கம் திரும்பினாரு. "மதினி, உங்க பொண்ணுக்குத்தான் அந்த பைபாஸ் டயர் கடைப் பையன் வரனா வந்துருக்கானே. பொண்ணுக்கும் வீடாச்சு, தெருவுக்கும் நிம்மதியாச்சு."

"கல்யாணமே பேசி முடிக்கல கொழுந்தனாரே."

"கல்யாணம் பெறகு வச்சுக்கலாம் மதினி. முதல்ல பாலைக் காய்ச்சிருவோம்."

டயர் கடைப் பையன் பேரு வைரவன். தேஞ்ச டயருக்குப் புது ரப்பர் ஒட்டுறது தொழில். ஒரு சாயங்காலம் ரூமைப் பார்க்க வந்தான், சுவத்தைத் தள்ளி உள்ள வந்து, செருப்பைக் கழட்டி எங்க விடுறதுன்னு தெரியாமக் கையிலயே வச்சுக்கிட்டான்.

"உக்காருங்க," ன்னா ஜோதிமீனா.

"நீங்க?"

"எனக்கு நாளைக்குப் பிரியிற ரூமு இந்தப் பக்கம் வருமா அந்தப் பக்கம் வருமான்னு பார்க்கணும்."

அவன் உக்காந்தான், தரை அவனுக்குத் தக்கன குழிஞ்சு கொடுத்துச்சு. கொஞ்ச நேரம் உருண்டையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "உங்களுக்கு என்னையப் பிடிக்கலையா, வீட்டைப் பிடிக்கலையா?" ன்னு கேட்டான். கேட்ட விதத்துல ஒரு குத்தலும் இல்ல, பஞ்சர் எங்கன்னு கேக்குற மாதிரிதான் கேட்டான்.

"ரெண்டையும் பிடிக்குது. பிடிச்சதுல நிக்கத்தான் பிடிக்கல. பால் பொங்கிட்டா இந்த ரூமு முடிஞ்சுச்சு, நானும் முடிஞ்சேன். அங்கிட்டு என்ன இருக்குன்னு இந்த ரூமுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்ப வேணாம்னு சொல்லிருங்க. எனக்கு அவசரமில்ல. எங்க வீட்டுலதான் அவசரம்."

"சொல்லிருவேன். ஆனா எங்கம்மா குடம் தூக்குறாங்க," ன்னா. அவன் கையில இருந்த செருப்பை மாட்டிக்கிட்டு எந்திரிச்சான்.

அவ சரின்னுட்டா.

பால் காய்ச்சுற அன்னைக்குத் தெருவே அந்தக் கரை மேல திரண்டுச்சு, கொண்ட மட்டும் நுனி ரூமுக்குள்ள நெருக்கிக்கிட்டு வந்துருச்சு. பிளாஸ்டிக் சேரெல்லாம் இளந்தரையில கால் பதிய, ஆளுக்கு ஆள் ஒரு பக்கமாச் சரிஞ்சு உக்காந்திருந்தாக. மூணு செங்கல், புதுப் பானை, எரிக்கப் பன்னாடையும் தென்னம்பாளையும், பாக்கெட் பாலு. சுந்தரவேலு திசை பார்த்து, "கிழக்க பொங்கணும், கிழக்க"ன்னு பாலுக்கே உத்தரவு போட்டுக்கிட்டு இருந்தாரு. வைரவன் தேங்காயும் தட்டுமா நின்னான். ஜோதிமீனா அடுப்பு முன்னாடி குத்தவச்சு உக்காந்தா, உக்காந்ததும் அந்த ரூமுக்குள்ள ஒருநாளும் ஆடாத கால் ஆட ஆரம்பிச்சுருச்சு. தீ பிடிச்சது, பாலு சூடாச்சு, ஓரத்துல நுரை கட்டுச்சு, அவ கால் ஆட ஆட ஒரு செங்கலு லேசா அசைஞ்சது, அதைப் பார்த்ததும் அவளுக்குத் தோணுச்சு, ஒரு எத்து, ஒரே எத்து விட்டா பானை கவுந்துரும், தீ அவிஞ்சுரும், சகுனம் சரியில்லன்னு எல்லாரும் கலைஞ்சு போவாக, நாளைக்குக் காலையில கரைக்கு அங்கிட்டு இன்னொரு ரூம் பிரியும். காலை நீட்டிட்டா.

அப்ப பாண்டியம்மா மஞ்சத்தட்டைக் கொண்டாந்து அவ பக்கத்துல வச்சா. குனியும்போது அம்மா கை மூக்குக்கிட்ட வந்துச்சு. துளசி வாசம். தட்டுல கிள்ளுன கொழுந்து, அம்மா கட்டைவிரல் நகத்துல பச்சைக் கறை.

சனிக்கிழமை தவறாம அம்மா துளசி நுனியைக் கிள்ளுவா. அம்மா மட்டுமில்ல, ஆறாந்தெருவுல வாசலுக்கு வாசல் துளசி, வாசலுக்கு வாசல் கிள்ளு. கிள்ளக் கிள்ள ஒத்தைக் குச்சியா நின்ன செடி கணுவுக்குக் கணு வெடிச்சுக் குடை மாதிரி உருண்டு நிக்கும், மெயின் ரோட்டுல போறவங்ககூட வண்டியை நிப்பாட்டி எப்பிடி வளக்குறீகன்னு கேப்பாக. நுனி இருக்கிற வரைக்கும்தான் கணுவெல்லாம் வாயை மூடிக்கிட்டு இருக்கும். ஜோதிமீனா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தா. அத்தனை பேர் நகத்துலயும் அந்தக் கறை இருந்துச்சு. தெருவோட நுனியைத்தான் இப்பக் கிள்ளுறோம்ங்கிற நினைப்பு ஒருத்தர் முகத்துலயும் இல்ல. உள்ள ஒரு சிரிப்பு முட்டுச்சு, பயமும் முட்டுச்சு, வீடு துளசி மாதிரியே நடந்துக்கிடும்னு யாரு சொன்னா, நடக்கலைன்னா இதோட எல்லாம் முடிஞ்சுச்சே. நீட்டுன காலை மெதுவா இழுத்துக்கிட்டா. தீயை ஊதிவிட்டா.

பால் பொங்குச்சு. கிழக்கதான் பொங்குச்சு. வெளிய நின்ன பொம்பளைக குலவை போட்டாக, சுவரு நரம்பு நரம்பாத் தடிக்க ஆரம்பிச்சது, உருண்டை மெல்ல ஓரத்துக்கு நகர ஆரம்பிச்சது.

"உக்காருங்க, உக்காருங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் சேர்ந்து உக்காருங்க," ன்னு சுந்தரவேலு அவசரப்பட்டாரு. "முதல்ல உக்காரணும், அப்பத்தான் குடித்தன வீடா முத்தும்."

வைரவன் பாதி மடங்குனவன் ஜோதிமீனா முகத்தைப் பார்த்துட்டு அப்பிடியே அந்தரத்துல நின்னான். அவ உக்காரல. எந்திரிச்சா, பானையைச் சுத்தி நடந்தா, கண்மாய்ப் பக்கத்துச் சுவத்துல ரெண்டு கையையும் வச்சுத் தள்ளுனா, இறுகிட்டு இருந்த சுவரு கிர்ருன்னு வழிவிட்டுச்சு, அவ வெளிய இறங்கி நடந்துட்டா. பின்னாடி சுவரு மூடப் பார்த்துச்சு, முடியல. அப்பிடியே முத்துச்சு. வந்த வழி ஒண்ணு, போன வழி ஒண்ணு, ரெண்டு பக்கமும் திறந்து கிடக்க, உக்கார ஒரு மேடையில்லாம, சாய ஒரு மூலையில்லாம, மூங்கில் குழாய் மாதிரி ஒரு நடை. பால் பொங்குன பெறகு அந்த வீட்டுல முதல்ல நடந்தது நடந்து போனதுதான, வீடு அதுவா ஆயிருச்சு.

 வைரவன் தேங்காயைத் தட்டுல வச்சு, தட்டைச் சுந்தரவேலு கையில குடுத்து, "பைபாஸுக்கு இந்த வழி கிட்டத்துல இருக்கும் போலயே" ன்னு சொல்லிக்கிட்டே அந்த நடைக்குள்ள புகுந்து அங்கிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் நுனியில ரூம் பிரியல. அதுக்கு மறுநாளும் இல்ல. குழாயில தண்ணி வந்துச்சு, டீ தித்திச்சது, எறும்புக வரிசை கலைஞ்சு ஆளுக்கொரு பக்கம் போச்சு. சங்கத்துல பாயசம் ஊத்துனாக. ஜோதிமீனா அம்மா வீட்டுல பாயைப் போட்டா, கால் ஆடுச்சு, அம்மா "வீட்டுக்கு ஆகாதுடி" ன்னா, அவ தினம் காலையில எந்திரிச்சதும் வீட்டைச் சுத்தி ஒரு நடை நடந்து, சுவருக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடுக்கையெல்லாம் விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டு வந்து பல்லு வெளக்குவா. நாளாக நாளாகத் தடவுறதுல வேகம் குறைஞ்சுச்சு. ஒருநா காலையில தடவாமலே படுத்துக் கிடந்தா.

அன்னைக்குத்தான் கொல்லையில இருந்து பாண்டியம்மா கூப்பிட்டா. "ஏடி, இங்க வாயேன். கட்டியாட்டம் என்னமோ இருக்கு."

அடுப்படிச் சுவரும் குளியலறைச் சுவரும் சேர்ற கக்கத்துல எலுமிச்சங்கா அளவுக்குப் பச்சையா ஒரு புடைப்பு. மத்தியானம் பூசணிக்கா ஆச்சு. விடியும்போது ரூம் ஆச்சு. வெளிய ஒரே பேச்சு, சலூன்ல இருந்து ஒண்ணு, டீக்கடையில இருந்து ஒண்ணு, வக்கீல் ஆபீஸ்ல இருந்து ஒண்ணு, சுந்தரவேலு வீட்டுப் பூசை ரூமுக்குப் பக்கவாட்டுல இருந்து ரெண்டு, கணுவுக்குக் கணு தெரு வெடிச்சு எல்லாத் திசையிலயும் கிளம்பிருச்சு. கடையில பாக்கெட் பால் தீந்துபோச்சு, பாலு இருந்தவருக்கும் எதுல முதல்ல காய்ச்சுறதுன்னு தெரியல. சுந்தரவேலு ஒரு பானையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஓடுனாரு, மூச்சு வாங்கப் பாண்டியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாரு.

"மதினி, வெரசாப் பாலை வச்சுருவோம். வளர விட்டா ஊருணி வரைக்கும் போயிரும்."

பாண்டியம்மா அப்ப அந்தப் புது ரூம் சுவத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. வீங்குன முட்டி. மாவுக் கை. அந்தக் கையைச் சேலையில துடைச்சுட்டுச் சுவத்தைத் தொட்டா, சுவரு வழிவிட்டுச்சு. "வைக்கிறதுன்னா உங்க வீட்டுல வைங்க கொழுந்தனாரே," ன்னு திரும்பிக்கூடப் பார்க்காமச் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ஜோதிமீனா பின்னாடியே போனா. அம்மா உருண்டை பக்கத்துல காலை நீட்டி உக்காந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அது மேல புறங்கையை வச்சிருந்தா. பச்சை வெளிச்சத்துல அம்மா முகம் அவளுக்குத் தெரிஞ்ச முகமா இல்ல.

"மாவாட்டணும். இந்தா வர்றேன்," ன்னா பாண்டியம்மா. எந்திரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, "இது எந்தப் பக்கமாடி போகும்?" ன்னா.

"தெரியலம்மா. காலையில பார்த்தாத்தான் தெரியும்."

"ரேஷன் கடைப் பக்கம் போகாதுல்ல?"

"போகாதுன்னுதான் நினைக்கிறேன்."

"நல்லது."

வெளிய சுந்தரவேலு பானையோட யாரையோ கூப்பிட்டுக்கிட்டு ஓடுற சத்தம் கேட்டுச்சு. ஜோதிமீனா உக்காந்தா, அப்பத்தான் பார்த்தா. அம்மாவோட வலது கால், அந்த வீங்குன முட்டிக்குக் கீழ, ஆடிக்கிட்டு இருந்துச்சு. தையல் மிசின் மிதிக்கிற மாதிரி, விடாம.

"காலை ஆட்டாதம்மா," ன்னா. "வீட்டுக்கு ஆகாது."

பாண்டியம்மா குனிஞ்சு தன் காலைப் பார்த்தா. நிறுத்தல.

"இது இன்னும் வீடு ஆகலைல்ல," ன்னா.